ரசீது கேட்கும் தகப்பன்மார்களுக்கு



குடும்பநல நீதிமன்றத்தில் இரண்டு தரப்புக்கும் ஆஜராகிறவள் நான். காலையில் ஒரு கணவருக்காகப் பேசிவிட்டு, மதியம் வேறொருவரின் மனைவிக்காகப் பேசுவது எங்கள் தொழிலில் சாதாரணம். அதனால் உங்கள் ஆதங்கத்தை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஜீவனாம்ச உத்தரவு வந்து நாலைந்து மாதம் ஆனதும் கட்சிக்காரர் ஆபீசுக்கு வருவார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "மேடம், மாசம் எட்டாயிரம் அவ அக்கவுண்டுக்குப் போயிடுது. அது பிள்ளைக்குத்தான் செலவாகுதுன்னு யார் பார்க்கறது?" என்பார். கையோடு செல்போனை நீட்டுவார். முன்னாள் மனைவி ஏதோ ஒரு கல்யாணத்தில் புதுப் பட்டுப்புடவையோடு நிற்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்.

யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் பதில்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, வசதியிருந்தும் பிள்ளையைப் பராமரிக்காதவரை மாதாமாதம் பணம் கட்டச் சொல்கிறது. கட்டாவிட்டால் வாரண்ட், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை. சட்டத்தின் கை நீள்வதெல்லாம் கொடுப்பவரை நோக்கித்தான். வாங்கியவர் அந்தப் பணத்தை என்ன செய்தார் என்று அந்தப் பிரிவு விசாரிப்பதில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 26, இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20, குடும்ப வன்முறைச் சட்டத்தின் 20, எதைப் புரட்டினாலும் பணம் பெற்றவர் கணக்குச் சமர்ப்பிக்க வேண்டும் என்ற வரி கிடையாது. இதை ஒருதலைப்பட்சம் என்கிறீர்கள். மாதாமாதம் ரசீதோடு கணக்குக் காட்ட வைக்கும் சட்டத் திருத்தம் வேண்டும் என்கிறீர்கள். அந்தக் கோரிக்கையில் பாதிக்கு நான் எதிரி, பாதிக்கு உங்கள் கட்சி. எது எந்தப் பாதி என்று சொல்லத்தான் இந்த மடல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தகப்பனுக்காக நானே கணக்குக் கேட்டு ஒரு மனுப் போட்டேன். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. நீதிபதியும் மனுவை எடுத்த எடுப்பில் தள்ளிவிடவில்லை. "ஒரு மாசக் கணக்கு எழுதிட்டு வாம்மா, பார்ப்போம்" என்றார். அடுத்த வாய்தாவுக்குப் பிள்ளையின் தாய் நீள நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பையன் நாலாம் வகுப்பு. வாடகை வீட்டில் அவன், அவர், அவருடைய அம்மா என மூன்று பேர். குறுக்கு விசாரணை என்னுடையது.

"கேஸ் சிலிண்டருக்கு முழு விலையும் எழுதியிருக்கீங்க. இதுல பையனுக்கு எவ்வளவு?"

"அவனுக்குன்னு தனி அடுப்பு வைக்கறதில்லைங்க."

"ஆவின் பால் தினம் ஒரு லிட்டர். பையன் ஒரு லிட்டரா குடிக்கிறான்?"

"காலையில ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர். மிச்சத்துல தயிர் உறை ஊத்துவேன். ஸ்கூலுக்கு தயிர்சாதம்தான் எடுத்துட்டுப் போவான்."

தயிரில் பாட்டியின் பங்கு எவ்வளவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எதிர்த்தரப்பு வழக்குரைஞர் அந்த நோட்டை வாங்கி நிதானமாகக் கூட்டினார். வாடகை 9,000-இல் மூன்றில் ஒரு பங்கு 3,000. பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு 36,000, மாதத்துக்கு 3,000. வேன் 1,500. டியூஷன் 1,000. சாப்பாடு, பால், பழம், நொறுக்குத்தீனி 4,000. துணிமணி, டாக்டர், மருந்து, நோட்டுப் புத்தகம் எல்லாம் சராசரியாக 1,500. ஆக மொத்தம் 14,000. என் கட்சிக்காரர் கட்டி வந்தது 8,000. அந்தப் பெண்ணின் சம்பளம் 18,000, இவருடையது 48,000. அதற்கடுத்த வாய்தாவில், தொகையை உயர்த்தக் கோரும் மனு எங்கள் கைக்கு வந்துவிட்டது. சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ பழைய 127-ஆம் பிரிவில், இப்போதைய 146-இல், வழி இருக்கிறது. கணக்குக் கேட்கப் போனவர் கூடுதலாகக் கட்டிவிட்டு வந்தார்.

இது ஏதோ ஒரு வழக்கில் நேர்ந்த விபத்து என்று நினைக்க வேண்டாம். பிள்ளையைப் பராமரிப்பது தாய், தகப்பன் இருவரின் கடமை, வருமானத்துக்கு ஏற்ற விகிதத்தில் இருவரும் சுமக்க வேண்டும் என்று பத்மஜா சர்மா எதிர் ரத்தன்லால் சர்மா வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே ஒரு பிள்ளைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று வைத்து, தகப்பனுக்கு இரண்டு பங்கு, தாய்க்கு ஒரு பங்கு என்று பிரித்தார்கள். ஆகவே தணிக்கை என்று வந்தால் உங்கள் பங்கை மட்டும் தனியே எடுத்துப் பார்க்க முடியாது. தாயின் பங்கும் தட்டில் ஏறும். பெரும்பாலான வீடுகளில் அந்தத் தட்டுதான் தாழும். காய்ச்சலுக்குப் போட்ட லீவும், சம்பளத்தில் அதற்குப் பிடித்ததும் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை என்பது வேறு.

அந்தப் பட்டுப்புடவைக்கு வருகிறேன். உங்கள் எட்டாயிரமும் அவருடைய பதினெட்டாயிரமும் விழுவது ஒரே வங்கிக் கணக்கில். புடவை எந்த ரூபாயில் வந்தது என்று எந்த ஆடிட்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அண்ணன் எடுத்துக் கொடுத்ததாகவும் இருக்கலாம். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியிருந்து, வயிறு நிறைந்திருந்து, காலில் செருப்பு இருக்குமானால், அந்தப் புடவை உங்கள் வழக்கில் ஒரு சான்றாவணம் ஆகாது.

மாதாந்திரத் தணிக்கை என்பது நடைமுறையில் மாதம் ஒரு வாய்தா. விவாகரத்து வாங்கிய பிறகும், பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும் வரை, ஒரு பெண் அரை நாள் லீவு போட்டுவிட்டு மளிகைச் சீட்டைத் தூக்கிக்கொண்டு முன்னாள் கணவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். உங்களில் சிலருக்கு வேண்டியதே அதுதான் என்பதும் எனக்குத் தெரியும். மீதிப் பேருக்காகத்தான் தொடர்ந்து எழுதுகிறேன்.

உங்கள் சந்தேகத்துக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. அது உத்தரவிலேயே இருக்கிறது. எடுத்துப் படியுங்கள். "எதிர்மனுதாரர் மைனர் குழந்தைக்கு மாதம் ரூ. 8,000 ஜீவனாம்சமாகச் செலுத்த வேண்டும்." அவ்வளவுதான். இதில் பள்ளிக் கட்டணம் அடக்கமா? வேனுக்கு யார் கொடுப்பது? பல்லுக்குக் கம்பி போட வேண்டி வந்தால்? ஒன்பதாம் வகுப்பில் கட்டணம் இரட்டிப்பானால்? உத்தரவு வாயே திறக்காது. எதற்கென்று சொல்லாமல் கொடுக்கச் சொன்னால், எங்கே போகிறது என்ற கேள்வி எழத்தான் செய்யும். வாங்குகிறவருக்கும் இதனால் நிம்மதி இல்லை. ஐந்து வருடம் கழித்தும் அதே எட்டாயிரத்தோடு மல்லுக்கட்டுகிறவர் அவர்தான்.

இந்த ஒற்றை வரி எழுதும் பழக்கத்துக்குப் பழைய வேர் உண்டு என்பது என் எண்ணம். 2001 வரை 125-ஆம் பிரிவில் மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு இருந்தது. ஐந்நூறு ரூபாயைத் தலைப்புத் தலைப்பாகப் பிரிக்க என்ன இருக்கிறது? அந்த வருடத் திருத்தத்தில் உச்சவரம்பு போயிற்று, எழுதும் பாணி மட்டும் தங்கிவிட்டது.

இதை மாற்றுவதற்கான கருவி 2020 நவம்பர் 4 முதல் கையில் இருக்கிறது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் நீதிபதிகள் இந்து மல்ஹோத்ராவும் சுபாஷ் ரெட்டியும் கொடுத்த தீர்ப்பு. அந்த வழக்கின் கதையே ஒரு பாடம். குழந்தை பிறந்த கையோடு வீட்டைவிட்டு வந்த தாய் 2013-இல் மனுப் போடுகிறார். நாக்பூர் குடும்பநல நீதிமன்றம் மகனுக்கு முதலில் மாதம் 5,000, 2015 செப்டம்பரிலிருந்து 10,000 என்று இடைக்கால ஜீவனாம்சம் போடுகிறது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழிக்கு வருவதற்குள் பையனுக்கு ஏழு வயது தாண்டிவிட்டது. இனி நாடு முழுக்க எல்லா ஜீவனாம்ச வழக்கிலும் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் மட்டுமல்ல, தங்கள் செலவையும் பிள்ளையின் செலவையும் தனித்தனியாகக் காட்டிப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு வகுத்தது. விவசாயம் சாராதவர்களுக்கு ஒன்று, விவசாயக் குடும்பத்துக்கு ஒன்று, தாய்வழிச் சமூகம் உள்ள மேகாலயாவுக்கு ஒன்று என்று படிவங்களே இணைக்கப்பட்டிருக்கின்றன. பொய் சொன்னால் நடவடிக்கை உண்டு. உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம், படிப்பு எல்லாம் பிள்ளைச் செலவில் சேரும். கோச்சிங், பாட்டு, விளையாட்டு வகுப்புக்கும் நியாயமான தொகை உண்டு, ஆடம்பரமான தொகை கிடையாது. தாயும் போதுமான அளவு சம்பாதித்தால் படிப்புச் செலவை விகிதப்படி பகிரலாம். இத்தனையும் அதில் இருக்கிறது.

நீங்கள் கணக்குக் கேட்க வேண்டிய இடம் இது. உத்தரவு வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்னால். பள்ளிக் கட்டண ரசீதைக் கேட்கலாம், வேன் கட்டணம் என்னவென்று விசாரிக்கலாம், குறுக்கு விசாரணை செய்யலாம். ஆனால் நடப்பது என்ன? பிள்ளைச் செலவுக் கட்டத்தில் "சுமார் ரூ. 20,000" என்று ஒரு பக்கம் எழுதுகிறது. மறுபக்கம் அதைப் படிக்கக்கூட இல்லாமல், தன் சம்பளச் சீட்டை எப்படிக் குறைத்துக் காட்டலாம் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. எங்கள் வழக்குரைஞர் கூட்டமும் இதில் சளைத்ததில்லை. போன வழக்கின் பிரமாணப் பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்து கொடுப்பவர்களை எனக்குத் தெரியும்.

அந்தக் கட்டத்தை ஒழுங்காக நிரப்ப வைத்தால், தலைப்புவாரியான உத்தரவைக் கேட்கலாம். மேஜிஸ்டிரேட் யாரிடம் கொடுக்கச் சொல்கிறாரோ அவரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்றுதான் சட்டமே சொல்கிறது. அது தாயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பள்ளிக் கட்டணத்தை நேரே பள்ளியின் கணக்கில் கட்டலாம். மருத்துவக் காப்பீட்டில் பிள்ளையை உங்கள் பாலிசியில் சேர்க்கலாம். வருடத்துக்கு இத்தனை சதவீதம் ஏற்றம் என்று எழுதச் சொல்லலாம். சோறு, துணி, வாடகைக்கான மீதித் தொகை தாயின் கணக்குக்குப் போகட்டும். அதைப் பற்றிக் கேள்வி கேட்காதீர்கள்.

நேரே பள்ளிக்குக் கட்டுவதிலும் ஓட்டை உண்டு. டேர்ம் ஃபீஸ் கட்டும் கடைசித் தேதி தாண்டியும் தகப்பன் கட்டாமல் இழுத்தடிக்க, பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிற்கவைத்த கதைகள் எங்களிடம் வருகின்றன. அதனால், குறிப்பிட்ட தேதிக்குள் கட்டாவிட்டால் தாய் கட்டிவிட்டு நிலுவையாக வசூலிக்கலாம் என்ற வரியையும் சேர்த்தே கேளுங்கள். உங்கள் வழக்குரைஞரே அதைக் கேட்டால் நீதிபதிக்கு உங்கள் மேல் ஒரு நம்பிக்கை பிறக்கும்.

அமெரிக்காவில் எல்லாத் தாய்மாரும் கணக்குக் காட்டுகிறார்கள் என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். அப்படியில்லை. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. இந்தியானா மாநிலத்தில், அவசியம் இருக்கிறது என்று தகுந்தபடி நிரூபித்தால், இனிமேல் செய்யப்போகும் செலவுக்குக் கணக்குக் காட்டும்படி நீதிபதி உத்தரவிடலாம். போன வருடத்துப் பால் கணக்கைத் தோண்டச் சொல்லவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் வழி எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. குழந்தைக் காப்பகச் செலவு, தனிச் செலவு என்று பெயர் சொல்லி வாங்கிய பணத்தை அந்தச் செலவே செய்யாமல் வைத்துக்கொண்டால், கூடுதலாகக் கட்டியது அந்தத் தலைப்பின் வருடத் தொகையில் குறைந்தது 20 சதவீதமாவது இருக்குமானால், திருப்பிக் கொடுக்க வேண்டும். அன்றாடச் சோற்றில் கை வைப்பதில்லை. பெயர் சொல்லி வாங்கிய பணத்துக்குத்தான் பதில் கேட்கிறார்கள். தலைப்புவாரி உத்தரவு இல்லாமல் அந்தக் கேள்வியை இங்கே கேட்கவே முடியாது.

இனி உங்கள் கட்சியில் நான் நிற்கும் பாதி. மொத்தமாகக் கொடுக்கும் பணம்.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் "முழுத் தீர்வு" என்று இருபதோ முப்பதோ லட்சம் கைமாறுகிறது. மனைவிக்கு எவ்வளவு, பிள்ளைக்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் பல சமயம் பிரிப்பதே இல்லை. "இனி எனக்கோ குழந்தைக்கோ எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று தாய் கையெழுத்துப் போடுகிறார். தாய் விட்டுக்கொடுப்பதால் பிள்ளையின் உரிமை போய்விடாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன, அது வேறு விஷயம். அந்தப் பணம் தம்பியின் கடைக்கு முதலாகப் போய், பாட்டியின் பெயரில் மனையாகி, கடைசியில் கல்லூரிக் கட்டணத்துக்குப் பிள்ளை மறுபடியும் தகப்பன் வாசலில் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். தகப்பன், "நான்தான் எல்லாம் கொடுத்துட்டேனே" என்பார். அவர் சொல்வதிலும் பொய் இல்லை.

மைனரின் முதல் தொகையைக் காவல் காப்பது நம் சட்டத்துக்குப் புதிதல்ல. மோட்டார் விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைக்கு இழப்பீடு வந்தால், மேஜர் ஆகும்வரை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும் என்று சூசம்மா தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. அவசியச் செலவுக்கு நீதிமன்ற அனுமதியோடு எடுக்கலாம். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், தான் நியமிக்கும் காப்பாளரிடம் கணக்குக் கேட்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் சட்டப்படி, பெற்ற தகப்பனே ஆனாலும் மைனரின் வீட்டையோ நிலத்தையோ நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. முதலுக்கு இத்தனை காவல் வைக்கும் சட்டம், விவாகரத்து ஒப்பந்தத்தில் வரும் பிள்ளையின் பங்கை மட்டும் ஏன் தெருவில் விட வேண்டும்? பிள்ளையின் பங்கைத் தனியே குறிப்பிட்டு, மைனர் பெயரில் வைப்பாகப் போட்டு, வட்டி தாயின் கைக்கு, முதல் பிள்ளையின் படிப்புக்கு என்று எழுதாத எந்த ஒப்பந்தத்தையும் நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்று ஒரு சட்டத் திருத்தம் கேளுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

அதுவரை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வதற்குத் தடையில்லை. பத்து வயதுக்குள் பெண் பிள்ளை இருந்தால் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. வருடம் ஒன்றரை லட்சம் வரை கட்டலாம், பதினெட்டு வயதிலோ பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். ஒரு பெண்ணுக்கு ஒரு கணக்குதான் என்பதால், தாய் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் அதிலேயே கட்டுங்கள்.

இன்னொன்று. கணக்கு கேட்டு வருபவர்களிடம் நான் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பேன். பிள்ளையின் வகுப்பு ஆசிரியர் பெயர் என்ன? பாதிப் பேருக்குத் தெரியாது. சொல்லப்படவில்லை என்பார்கள், பல வீடுகளில் அது உண்மையும்கூட. "பார்க்கவே விடலை, பணம் மட்டும் எதுக்கு?" என்ற கோபம்தான் ரசீது கேட்கும் மனுவாக உருமாறி வருகிறது. பார்க்க விடாததற்குப் பணத்தை நிறுத்துவது மருந்தல்ல. 2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைக்குத் தாய் தகப்பன் இருவரின் அன்பும் உரிமை என்று சொல்லி, நேரில் பார்ப்பது போக, தினமும் சில நிமிடமாவது போனிலோ வீடியோவிலோ பேச வழி செய்ய வேண்டும் என்றது. அதைக் கேளுங்கள். ரேங்க் கார்டின் நகல், ஆண்டு விழாத் தேதி, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் உடனே தகவல், இவற்றை உத்தரவில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். மளிகைச் சீட்டில் உங்கள் பிள்ளையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நிஜமாகவே பணம் போய்ச் சேரவில்லை, ஃபீஸ் பாக்கி, பிள்ளை இளைத்துக்கொண்டு வருகிறது என்றால் தயங்க வேண்டாம். தொகையைச் செலுத்தும் முறையை மாற்றக் கோரலாம், நிலைமை மோசமென்றால் பிள்ளையை உங்களிடம் ஒப்படைக்கவும் கோரலாம். ஆனால் கையில் பள்ளி கொடுத்த பாக்கிக் கடிதம், மருத்துவரின் சீட்டு போன்றவை வேண்டும். ஸ்டேட்டஸ் படங்களை நீதிபதி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இதில் எந்த மனுவைப் போட வந்தாலும் நான் முதலில் கேட்பது உங்கள் வங்கிப் புத்தகத்தை. மூன்று மாத நிலுவையை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பின் செலவைப் பற்றி வாய் திறந்தால், முதல் கேள்வி உங்கள் பக்கம்தான் திரும்பும், பதில் சொல்ல நான் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். நிலுவை முழுவதையும் கட்டிவிட்டு, அந்த ரசீதை மனுவோடு முதல் ஆவணமாக இணைத்துக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
குடும்பநல நீதிமன்ற வழக்குரைஞர் ஒருவர்